பாப்பாரப்பட்டியில் நிறைந்த பயணம்

நுழையும்முன்

ஓர் ஊரின் வரலாறு அவ்வூரின் எல்லைக்குள் அடங்கிவிடுவதில்லை. கடற்கரை நகரம் ஒன்றின் ஆலைவாயிலில் எழுந்த முழக்கம், தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றோடு கலந்திருக்கிறது. அவ்விரண்டையும் இணைத்தவர் சுப்பிரமணிய சிவா.

ஆலைவாயிலில்

மதுரை மாவட்டமாக அந்நாளில் விளங்கிய பகுதியில் உள்ள வத்தலக்குண்டில் 1884 அக்டோபர் 4 அன்று பிறந்தவர் சிவா. தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனாரோடு இணைந்து விடுதலைக் கருத்துகளை மக்களிடையே பரப்பினார். அந்நகரின் கோரல் நூற்பாலை ஆங்கிலேயருக்கு உரியது. அங்குத் தொழிலாளர் குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைத்தனர். வார விடுமுறையும் அவர்களுக்கு இல்லை. 1908 பிப்ரவரி 27 அன்று அவர்கள் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினர். வ.உ.சி.யும் சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றனர். ஒன்பது நாள்கள் நீடித்த அப்போராட்டம் கூலி உயர்வையும் வார விடுமுறையையும் பெற்றுத் தந்தது. விடுதலை வேட்கையும் உழைப்பவர் உரிமையும் வேறுவேறல்ல என்பதை இவ்வெற்றி உணர்த்தியது.

சிறை தந்த நோய்

வெற்றியின் விலை பெரிதாக இருந்தது. மார்ச் 12 அன்று தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். சிவாவுக்கு விதிக்கப்பட்ட பத்தாண்டுத் தண்டனை, மேல்முறையீட்டில் ஆறாண்டாகக் குறைந்தது. 1912இல் விடுதலையானபோது அவர் உடலில் தொழுநோய் பற்றியிருந்தது. நோயைக் காரணம் காட்டி, அவர் தொடர்வண்டியில் பயணம் செய்ய அரசு தடைவிதித்தது. அவரோ நடந்தும் மாட்டுவண்டியில் சென்றும் ஊர்தோறும் உரையாற்றினார். 1913இல் ‘ஞானபாநு’ இதழைத் தொடங்கி எழுத்தாலும் தொண்டாற்றினார்.

பாரதபுரம்

அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்த பாப்பாரப்பட்டி அவரை ஏற்றுக்கொண்டது. அங்கு வாங்கிய நிலத்திற்குப் ‘பாரதபுரம்’ எனப் பெயரிட்டார். சாதி, சமய வேறுபாடின்றி யாவரும் கூடும் பாரதமாதா ஆலயம் ஒன்றை அங்கு எழுப்ப விழைந்தார். 1923இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். ஆலயத்திற்குப் பொருள் திரட்ட, நோயுற்ற உடலோடு சிவா மீண்டும் ஊர் ஊராகச் சென்றார். கட்டடம் எழவில்லை. 1925 ஜூலை 23 அன்று, நாற்பது வயதில், பாப்பாரப்பட்டியிலேயே அவர் உயிர் பிரிந்தது.

ஊர் காத்த நினைவு

இன்று பாப்பாரப்பட்டியில் அவருக்கு மணிமண்டபம் உள்ளது. அவர் விரும்பிய பாரதமாதாவுக்கும் தமிழ்நாடு அரசு நினைவாலயம் எழுப்பியுள்ளது. அவர் கண்ட கனவு கல்லாகி நிற்கப் பல்லாண்டுகள் தேவைப்பட்டன. அதுவரை அதனைக் காத்தது ஊராரின் நினைவே.

நினைவு மட்டுமே போதுமா? முதியோர் மறையும்போது அவர்கள் அறிந்த செய்திகளும் உடன் மறைகின்றன. கோரல் ஆலையில் போராடிய தலைவர்களின் பெயர்களை நாம் அறிவோம். கூலியை இழந்து ஒன்பது நாள்கள் உறுதியாக நின்ற தொழிலாளர் பலரின் பெயர்களை அறியோம். எழுதப்படாத வரலாறு இவ்வாறே காற்றில் கரைகிறது. தம் ஊரின் கல்வெட்டையும் ஆலையையும் சந்தையையும் முதியோர் சொல்லையும் பதிவு செய்யும் ஒவ்வொருவரும் அவ்விழப்பைத் தடுக்கின்றனர்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் நீண்டகாலம் உழைத்த தொழிலாளர் ஒருவரைச் சந்தித்து, அவர் கூறும் பணி அனுபவங்களை ஆண்டு, இடம் ஆகியவற்றுடன் எழுதி வகுப்பறையில் படித்துக் காட்டுக.