படகில் ஏறுமுன் பார்க்க வேண்டியவை

பீர்க்கன்கரணையிலும் பெருங்களத்தூரிலும் குடியிருப்போர், விடுமுறை நாளொன்றில் குழந்தை குட்டிகளோடு புறப்பட்டு, வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியே கோவளத்தைத் தொட்டு, முட்டுக்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் படகுத்துறைக்குப் போய்வருவது இன்று சகஜமான உல்லாசமாகிவிட்டது. பஸ்ஸுக்கு பெர்மிட்டும் ஓட்டுபவருக்கு லைசென்ஸும் வேண்டும் என்பதை ஐயமற அறிந்திருக்கிற நாம், படகுக்கும் அவ்வாறே சட்டமும் சான்றிதழும் உண்டு என்பதை அறியாமலே, எந்த ஊர்த் துறையிலும் டிக்கெட் கைக்கு வந்ததும் ஏறி உட்கார்ந்துவிடுகிறோம். 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று பழவேற்காடு ஏரியைச் சுற்றிப் பார்க்கப் போனவர்களில் 22 பேர் படகு கவிழ்ந்து மாண்டார்கள். அந்தத் துக்கம் நம் பக்கத்தில் நடந்தது என்பதனாலேயே, படகேறும் ஒவ்வொரு குடும்பமும் கடைப்பிடிக்க வேண்டிய கிரமத்தை இங்கே விவரமாக எழுதுகிறேன்.

முதற்கண், ஏறப்போகும் படகு எந்த இனத்தைச் சேர்ந்தது என்று நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் சட்டம் அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டுப் பாராளுமன்றம் இயற்றிய 2021-ஆம் ஆண்டு உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டம், ஆறு, ஏரி, கால்வாய் முதலிய உள்நாட்டு நீர்நிலைகளில் இயந்திர விசையால் ஓடும் படகுகளை முழு வலிமையோடு கட்டுப்படுத்துகிறது. துடுப்பாலும் காலால் மிதித்தும் ஓட்டும் படகுகளையோ, உள்ளாட்சி மட்டத்தில் பதிந்துகொள்ளும் இலகுவான ஏற்பாட்டுக்கு அது விட்டிருக்கிறது. விசை ஒரு பகுதியாக இருந்தாலும் போதும். துடுப்புப் படகின் பின்புறத்தில் பாட்டரி மோட்டார் ஒன்றைப் பொருத்திவிட்டால், அது அந்தக் கணமே மோட்டார் படகாகிவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மோட்டார் படகாயின், அதன் பக்கவாட்டில் எழுதியுள்ள பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். எண் இருந்தால், உடல் உறுதிக்கு ஆய்வுச் சான்றிதழ், உடைமைக்குப் பதிவுச் சான்றிதழ், ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்றிதழ், விபத்துக்கு இன்ஷூரன்ஸ் ஆகிய நான்கையும் துறையில் உள்ள பொறுப்பாளரிடம் மரியாதையாகக் கேளுங்கள். இவை அனைத்தும் சட்டம் கட்டளையிட்டிருப்பவையே. கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஐயா, சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும் என்று வினவினால், ஒழுங்காகப் படகு நடத்துபவர் மனமகிழ்ந்து காட்டுவார். சினந்து பேசுபவரிடம் நம் குழந்தைகளை ஒப்படைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. கேரளத்தில் தானூரில் 2023-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி கவிழ்ந்து 22 உயிர்களைப் பலிகொண்ட படகு, மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றி, பொழுது சாய்ந்த பின் ஓட்டப்பட்டது என்பதை நினைவில் வைத்தால், இந்தக் கேள்விகளின் பொருள் தானே விளங்கும்.

அடுத்து, படகில் எழுதியிருக்கும் ஆள் கணக்கைப் பார்த்துவிட்டு, ஏறியிருப்பவர்களை நீங்களே எண்ணுங்கள். மடியில் இருக்கும் கைக்குழந்தையையும் ஓட்டுபவரையும்கூடச் சேர்த்தே எண்ணுவது நல்லது. என் அபிப்பிராயத்தில் இந்த வழிகாட்டியின் உயிர் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. காகிதங்கள் எல்லாம் சரியாயிருந்தும், கடைசியாக ஓடிவந்த நாலு பேரை ஏற்றிக்கொண்டதனால் படகு கவிழலாம்.

பிறகு லைஃப் ஜாக்கெட். இதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டால் போதும் என்று எண்ணுவது அபாயகரமானது. முதலில் உள்ளிருக்கும் பஞ்சை விரலால் அழுத்துங்கள். நசுங்கியபடியே நின்றால் அது உழைத்து ஓய்ந்தது, வேறொன்று கேளுங்கள். பட்டைகள் எல்லாவற்றையும் கொக்கியில் மாட்டி இறுக்குங்கள். புடவை கட்டியிருக்கும் பெண்கள் முந்தானையை ஜாக்கெட்டின் உள்ளே அடக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிடில் துணி நனைந்து கால்களைச் சுற்றிக்கொள்ளும். குழந்தைக்கு மாட்டிய பின், ஜாக்கெட்டின் இரு தோள்பட்டைகளையும் பிடித்து மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள்; அது காதுவரை ஏறிவந்தால் அளவு பெரிது, தண்ணீரில் குழந்தை மட்டும் நழுவிக் கீழே போய்விடும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017-இல் படகுப் பாதுகாப்புக்கென்றே நெறிமுறைகளை வெளியிட்டது; ஆயினும் 2024 ஜனவரியில் வடோதராவின் ஹர்ணி ஏரியில் கவிழ்ந்த படகில் பள்ளிப் பிள்ளைகள் பலர் ஜாக்கெட் இன்றியே இருந்தார்கள். வெக்கையாக இருக்கிறதென்று நடுவில் கழற்றுவதை எக்காரணத்தாலும் அனுமதிக்கக் கூடாது.

ஏறும்போது ஒவ்வொருவராக, விளிம்பில் கால் வைக்காமல் நடுவில் வைத்து இறங்கி, உடனே உட்கார வேண்டும். போட்டோ எடுப்பதற்காக எல்லோரும் ஒரு பக்கம் சாயக் கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரட்டைத் தட்டுப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தபோது, வனவிலங்குகளைக் காணும் ஆவலில் பிரயாணிகள் ஒருபுறம் திரண்டார்கள் என்றே செய்திகள் கூறின. வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும், கடற்காற்று வலுத்த பிற்பகலிலும், இருட்டிய பிறகும் படகை நாடாதிருப்பது நன்று.

சொந்தமாகக் கயாக் வாங்கி நம்மூர் ஏரியில் விட ஆசைப்படும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இரண்டு வார்த்தை. படகு உம்முடையதாயினும் ஏரி உம்முடையதன்று. நம் பீர்க்கன்கரணைப் பேரூராட்சி 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. சுற்றுவட்டாரத்து ஏரிகளில் பெரியவை நீர்வளத் துறையின் பராமரிப்பிலும், சிறியவை உள்ளாட்சியின் பராமரிப்பிலும் இருப்பது வழக்கம். எனவே எந்த ஏரி யாருடைய பொறுப்பு என்று மாநகராட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்து, உரிய துறைக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, அனுமதி கையில் கிடைத்த பின்னரே நீரில் இறக்க வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவெல்லாம் வெள்ளம் நின்று, மக்களைப் படகில் ஏற்றிக் கரைசேர்த்ததைக் கண்ணால் கண்ட ஊர் இது; படகோட்டும் கலையை இளைஞர் பழகுவதை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன், ஆனால் அதை அனுமதியுள்ள நீரில், பயிற்றுநர் ஒருவரின் கண்பார்வையில் பழகட்டும்.

துறையில் ஒழுங்கீனம் கண்டால், டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். ஆள் அதிகம் ஏற்றிய படகு புறப்பட்டுவிட்டால் 112-க்குப் போன் செய்யுங்கள். பிறகு படகின் எண், நாள், நேரம், ஏறியிருந்தோர் தொகை ஆகியவற்றைக் குறித்து, போட்டோ ஒன்றையும் இணைத்து, திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுவாகக் கொடுக்கலாம். பீர்க்கன்கரணையும் முட்டுக்காடும் ஒரே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருப்பதால், முட்டுக்காட்டுப் பக்கத்துப் படகு பற்றிய மனுவுக்கு வேறு மாவட்டம் போக வேண்டியதில்லை. மனு கொடுத்ததற்கு ரசீது பெற்றுக்கொள்ள மறவாதீர்கள்.