சென்னை – கார்ஹிங்: பயண நேரக் கணக்கு

மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கார்ஹிங் வளாகத்துக்குப் படிக்கப் போகிறீர்களா?

• சென்னையிலிருந்து மியூனிக்குக்கு வான்வழித் தூரம் சுமார் 7,300 கி.மீ. விமானம் மாறும் இடத்தில் காத்திருப்பதையும் சேர்த்தே பயண நேரத்தைக் கணக்கிடுங்கள்.

• டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஜெர்மனி நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். ஜனவரியில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி, அங்கே பகல் 1 மணிக்கு இறங்கினால், பயணம் பதின்மூன்றரை மணி நேரம்.

• விமான நிலையத்திலிருந்து எஸ்1 அல்லது எஸ்8 ரயிலில் மரியன்பிளாட்ஸ். அங்கிருந்து யு6 ரயிலில் கார்ஹிங். இதற்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

• சாப்பாட்டுப் பொருள் எடுத்துப்போவதானால், நெய், பால்கோவா இரண்டும் பால் பொருட்கள். அவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. பதிலாகப் பருப்புப்பொடி எடுத்துக்கொள்ளுங்கள்.