ஆசிரியர் காதில் விழட்டும் நம் நன்றி

கமுந்திங் வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகளாக, 1970இல் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்புச் சேர்ந்தவர்கள் நாங்கள். இப்போது எங்களுக்கு அறுபது கடந்துவிட்டது. கைபிடித்து எழுதச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களில் இருப்பவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். பழைய மாணவர்களைத் தேடிச் சேர்த்து, ஆசிரியர்களைப் பார்க்க அழைத்துப் போகும் வேலையைச் சில ஆண்டுகளாக நண்பர்களோடு செய்துவருகிறேன். நாங்களும் எங்கள் பள்ளிக்கு இப்படி ஒன்று செய்ய வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று பலர் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மண்டபம், மாலை, பொன்னாடை, பதாகை எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். வகுப்பில் ஒருவரையும் விடாமல் தேடுவது முதல் வேலை. ஆசிரியர் நமக்கு என்ன செய்தார் என்பதை அவர் காதில் விழும்படி சொல்வது இரண்டாவது வேலை. இந்த இரண்டும் நடந்துவிட்டால் ஒன்றுகூடல் தானாக நடந்துவிடும்.

அவர்கள் செய்தது என்ன?

பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1920களிலேயே தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டம் கொட்டகையைத்தான் தந்தது. அதைப் பள்ளியாக்கியவர்கள் ஆசிரியர்கள். அப்பாவும் அம்மாவும் விடியுமுன்னே பெரட்டுக்குப் போய்விடுவார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நின்றுவிட்ட பிள்ளையை லயத்துக்கு வந்து கூட்டிப் போனவர் வாத்தியார்தான். தமிழ்நாட்டுக்குக் கடிதம் எழுதுவதிலிருந்து பிறப்புப் பத்திரம், பன்னிரண்டு வயதில் எடுக்க வேண்டிய அடையாள அட்டை வரை எல்லாப் பாரங்களும் அவர் மேசைக்குத்தான் வந்தன. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமான 1969இல், சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த எத்தனையோ குடும்பங்கள் விளக்கம் கேட்டு நின்றதும் ஆசிரியர் வீட்டு வாசலில்தான்.

பாடநூல் இரவல் திட்டம் 1975இல்தான் வந்தது. அதற்கு முன் ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் எங்கள் வகுப்பாசிரியர் மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் புத்தகங்களை வாங்கி, கிழிந்த பக்கங்களைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டி, அட்டை போட்டு அடுத்த வகுப்புக்குத் தருவார். யாருக்கு இலவசம், யார் பணம் கொடுத்தார்கள் என்று வகுப்பில் எவருக்கும் தெரியாது. ஐந்தாம் வகுப்பு மதிப்பீட்டுத் தேர்வுக்கு முன் இரவில் மண்ணெண்ணெய் விளக்கில் பாடம் நடத்தியவரும் அவரே.

உங்கள் ஊர் ஆசிரியருக்கும் இப்படி ஒரு பட்டியல் இருக்கும். ஒன்றுகூடலுக்கு முன்பே அதை எழுதி வையுங்கள். "எங்களை உருவாக்கிய தெய்வம்" என்று மேடையில் யாரும் சொல்லிவிடலாம். "நான் காய்ச்சலில் கிடந்தபோது சைக்கிளில் தைப்பிங் மருத்துவமனைக்கு ஏற்றிப் போனீர்கள், ஐயா" என்று சொல்ல அந்த மாணவரால்தான் முடியும்.

பெயர்களைத் தேடுவது எப்படி?

நினைவை மட்டும் நம்பித் தொடங்கினால், நமக்கு நெருக்கமாக இருந்தவர்களின் பெயர்கள்தாம் வரும். பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர் விடுபட்டுப் போவார். அதனால் இரண்டு ஆவணங்களைத் தேடுங்கள். ஒன்று, ஆறாம் வகுப்பு முடிவில் எடுத்த குழுப்படம். யாராவது ஒருவர் வீட்டு அலமாரியில் நிச்சயம் இருக்கும். மற்றது, பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. தலைமையாசிரியருக்கு முறையாகக் கடிதம் கொடுத்து, அவர் அனுமதித்தால் பெயர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறப்புப் பத்திர எண், அடையாள அட்டை எண் எதையும் படம் பிடித்துப் புலனக் குழுவில் போடாதீர்கள்.

அடுத்து, அவர்கள் எங்கே போனார்கள் என்று யோசியுங்கள். எங்கள் வகுப்பில் சிலர் பெற்றோருடன் ரஜூலா கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது சிலர் பிறைக்கும் பாயான் லெப்பாசுக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். சிலர் ஜொகூருக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் போனார்கள். கமுந்திங்கிலேயே எழும்பிய தொழிற்பேட்டை சிலரை இங்கேயே நிறுத்திக்கொண்டது.

தேடக் கடினமானவர்கள் பெண்கள். கல்யாணமாகிப் போன ஊர் நமக்குத் தெரியாது, அவர்களின் அண்ணன் தம்பிகளும் இடம் மாறியிருப்பார்கள். இதற்கு எங்களுக்குக் கைகொடுத்தது தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. லயங்கள் இடிக்கப்பட்டு, செம்பனை நட்டு, தோட்டத்தின் பெயரே மறைந்த இடத்திலும் பெரும்பாலும் கோயில் நிற்கும். திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ வந்து சேர்வார்கள். குழுப்படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு அங்கே போங்கள். அன்னதானப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் வயதான அம்மா ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்ம மேட்டு லயத்துப் பொண்ணாச்சே, இப்ப பாரிட் புந்தார்ல இருக்கு" என்பார். எந்தக் கைப்பேசிச் செயலியும் இவ்வளவு விரைவாகக் கண்டுபிடிக்காது.

தயங்கி நிற்பவரை அழைப்பது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது நாங்கள் முதலில் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு உட்கார வேண்டும். தமிழில் படித்துவிட்டு வேறு மொழிக்கு மாறும் அந்த ஆண்டுகளில் படிப்பை விட்டவர்கள் பலர். பதினான்கு வயதில் பால்வெட்டுக்குப் போனவர்கள், லோரி ஓட்டியவர்கள், இன்று பாதுகாவலராக இரவு வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் நம் வகுப்புதான். ஒன்றுகூடல் என்றதும் அவர்கள் சொல்வது ஒரே பதில்: "நீங்கள்லாம் பெரிய ஆளுங்க, நான் வந்து என்னடா செய்யப் போறேன்?"

புலனத்தில் போகும் அழைப்பிதழ் இவர்களை வரவழைக்காது. கூடப் படித்த ஒருவர் நேரில் போக வேண்டும், முடியாவிட்டால் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேச வேண்டும். பதவியைப் பற்றிப் பேச்செடுக்காமல், சேர்ந்து மீன் பிடித்த ஈயக் குட்டையைப் பற்றிப் பேசுங்கள். "நீ வரலேன்னா உன் இடம் காலியா இருக்கும்" என்று சொல்லுங்கள். எங்கள் நண்பர்களில் பலர் இந்த ஒரு சொல்லுக்காகவே வந்தார்கள்.

தலைக்கு இத்தனை வெள்ளி என்று கட்டணம் வைக்காதீர்கள். முடிந்தவர்கள் முடிந்ததைப் பொருளாளரிடம் தரட்டும். யார் எவ்வளவு தந்தார் என்பது அவருக்கும் கணக்குப் பார்ப்பவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். வரவு செலவின் மொத்தத் தொகையை எல்லாருக்கும் காட்டிவிடுங்கள். நன்கொடையாளர் பட்டியலை மேடையில் வாசிக்க வேண்டாம். மருத்துவர், வழக்கறிஞர், டத்தோ என்ற அடைமொழிகளையும் அன்று வாசலில் விட்டுவிடுவது நல்லது. பெயரட்டையில் பெயரும் தோட்டமும் மட்டும் இருக்கட்டும். வகுப்பில் உட்கார்ந்த வரிசைப்படியே உட்காருங்கள்.

ஆசிரியர் வீட்டுக்கு முதலில் போங்கள்

விழாவுக்கு அழைக்கும் முன் இரண்டு மூன்று பேராக வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மகனிடமோ மகளிடமோ நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். பசியாறி மருந்து எடுத்த பிறகு, காலை பத்து மணி வாக்கில் பெரியவர்கள் தெளிவாக இருப்பார்கள். அரை மணி நேரம் போதும், அவர்களாகவே இருக்கச் சொன்னால் இருங்கள்.

உள்ளே போனதும் "என்னைத் தெரியுதா, ஐயா?" என்று கேட்கவே கூடாது. எண்பது வயதில் அது ஒரு தேர்வு. தெரியாவிட்டால் அவர் மனம் வாடும். நீங்களே சொல்லிவிடுங்கள்: "நான் கீழ் லயத்துக் கங்காணி மகன், ஐயா. முதல் வரிசையில் சன்னல் பக்கம் உட்காருவேன்." படத்தை எடுத்து அவர் மடியில் வையுங்கள். அப்புறம் அவரே பேசுவார். எங்கள் டீச்சர் ஒருவர் பேரப்பிள்ளைகளின் பெயர்களை மாற்றி மாற்றிச் சொன்னார். எங்கள் அப்பாமார்களின் பெயர்களை மட்டும் தவறாமல் சொன்னார்.

அனுமதி கேட்டு அவர் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எந்த ஆண்டு வேலைக்கு வந்தார், முதல் சம்பளம் என்ன, எங்கே தங்கினார், பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். தோட்டப் பள்ளிகளின் வரலாற்றில் பெரும்பகுதி இவர்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது.

ஆசிரியர் காலமாகிவிட்டிருந்தால் குடும்பத்தைத் தேடிப் போங்கள். தங்கள் தந்தை வகுப்பறையில் எப்படி இருந்தார் என்பது பிள்ளைகளுக்கே தெரிந்திருக்காது. நாம் சொன்னால்தான் தெரியும்.

எல்லா நினைவும் இனிப்பாக இருக்காது. பிரம்படியின் வலியை இன்னும் சுமப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட நண்பரிடம் "அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று பழமொழி சொல்லி வாயை அடைக்காதீர்கள். அவர் பேசட்டும். மேடையேறி நன்றி சொல்லுமாறு அவரை வற்புறுத்தவும் வேண்டாம்.

நாளும் இடமும்

மலேசியாவில் ஆசிரியர் தினம் மே 16. ரசாக் கல்வி அறிக்கையின் பரிந்துரைகளைக் கூட்டரசுச் சட்டமன்றம் 1956இல் அந்த நாளில்தான் ஏற்றுக்கொண்டது. அதை ஒட்டி வரும் சனிக்கிழமை பொருத்தமானது. மண்டபம் கிடைக்காவிட்டால் ஆடி மாதத்தைப் பாருங்கள். கல்யாணங்கள் இல்லாததால் வாடகையும் குறைவு, உறவினர் அழைப்புகளும் குறுக்கே வராது.

தைப்பிங், கமுந்திங் பக்கம் தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்யும் இடம். பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும். ஏரிப் பூங்காவில் கூடலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். பெரியவர்களை வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள். காலை ஒன்பதுக்குத் தொடங்கி மதிய உணவோடு முடியுங்கள். படியேறத் தேவையில்லாத, கழிப்பறை அருகில் உள்ள மண்டபமாகப் பாருங்கள். இடியப்பம், இட்லி போன்ற மென்மையான உணவும் சீனி போடாத கோப்பியும் இருக்கட்டும். தூரத்திலிருந்து வருபவர்களுக்கு வழியைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள். விரைவுப் பேருந்துகள் கமுந்திங் ராயாவில் நிற்கும், இ.டி.எஸ். ரயில் தைப்பிங்கில் நிற்கும், காரில் வருபவர்கள் தைப்பிங் வடக்குச் சாவடியில் இறங்க வேண்டும்.

நிகழ்ச்சியில் உரைகளைக் குறைத்து, ஆசிரியர் கையில் பழைய பெயர்ப்பட்டியலைக் கொடுத்து வருகை எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவராக எழுந்து "உள்ளேன் ஐயா" என்று சொல்லட்டும். மறைந்த நண்பர்களின் பெயர்களையும் படிக்கட்டும், அப்போது எல்லாரும் எழுந்து நிற்கலாம். பிறகு ஆளுக்கு இரண்டு நிமிடம், ஆசிரியர் தனக்குச் செய்த ஒரே ஒரு காரியத்தைச் சொல்லி அமரட்டும்.

பள்ளிக்குத் திரும்பிச் செய்ய வேண்டியது

சங்கமாகப் பதிவு செய்ய விரும்பினால் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். ஓரிரு ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்து பார்த்த பிறகு பதிவு செய்தால் சண்டையில்லாமல் நிலைக்கும். பள்ளிக்கு உதவுவதாக இருந்தால் தலைமையாசிரியரையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் கேட்டுச் செய்யுங்கள். நமக்குக் கோப்பை வாங்கித் தரத் தோன்றும். அவர்களுக்கு வேண்டியது பேருந்துக் கட்டணமாகவோ மாலை வகுப்புக்கான சிற்றுண்டியாகவோ இருக்கும்.

நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பேராக்கில் மட்டும் 130க்கு மேல். அவற்றில் பல, 150 மாணவர்கள்கூட இல்லாத சிறு பள்ளிகள். நம்மைப் படிக்கவைத்தவர்கள் லயம் லயமாக ஏறி இறங்கிப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். ஆசிரியருக்கு உண்மையான மரியாதை செய்ய விரும்பினால் நம் பேரப்பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்போம்.

குழு அமைக்க, மண்டபம் பார்க்க, பணம் சேர்க்க மாதங்கள் ஆகலாம். ஆசிரியருக்கு அவ்வளவு நாள் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. ஆகவே இந்த வாரமே அவர் வீட்டு எண்ணைத் தேடிப்பிடித்துக் கூப்பிடுங்கள். உங்கள் பெயரையும் தோட்டத்தையும் சொல்லி, அவர் உங்களுக்குச் செய்ததைச் சொல்லுங்கள்.