கோடையில் புழக்கடைத் தோட்டம்: பூவின் நேரம் அறிந்தால் காய் நிற்கும்

மாசி மாதம் நவரை நெல் வளர்ந்துகொண்டிருக்கும் வேளையில் காஞ்சிபுரம் வட்டார விவசாயிகளின் கண் ஏரி மதகிலேயே இருக்கும். அறுவடை வரை தண்ணீர் வருமா என்ற கவலையில், வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் ஒன்றிரண்டு சென்ட் நிலத்தை யாரும் நினைப்பதில்லை. சித்திரையில் அது வெடித்துக் கிடக்கும். அதே சித்திரையில்தான் காய்கறிக்குக் கடையில் கையைக் கடிக்கும் விலை கொடுக்கிறோம். "குடிக்கவே தண்ணீர் இல்லை, தோட்டம் எங்கே போடுவது?" என்று பயிற்சிக் கூட்டங்களில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து பேர் உள்ள வீட்டில் அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர், பாத்திரம் அலசிய கடைசி நீர் ஆகியவற்றை மட்டும் ஒரு நாள் தனியே பிடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று குடமாவது தேறும். இரண்டு கொடிகள் உள்ள ஒரு குழிக்கு, மூடாக்கு போட்டிருந்தால், ஒன்றுவிட்டு ஒரு நாள் அரைக் குடம் போதும் என்பது எங்கள் வீட்டு அனுபவம். ஆகவே எட்டுக் குழிகளுக்குச் சமையலறைத் தண்ணீரே சரியாக இருக்கும். குளியல் தண்ணீரை நேரே காய்கறிக்கு விடாமல், கல்வாழையும் சேம்பும் நட்ட சிறு பள்ளத்தின் வழியே ஓடவிட்டு வாழைக்கும் தென்னைக்கும் திருப்பலாம்.

காஞ்சிபுரம் நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் தறி உள்ள வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. பட்டு நூலை வேகவைத்துப் பசை நீக்கிய சோப்பு, சோடாத் தண்ணீரும், சாயம் முக்கிய தண்ணீரும் தோட்டத்துப் பக்கமே வரக்கூடாது. ஒரு வீட்டில் நன்றாக இருந்த முருங்கை ஏன் பட்டுப்போனது என்று என்னை அழைத்துக் காட்டினார்கள். வேரடியில் மண் வெள்ளை பூத்துக் கிடந்தது. பக்கத்திலேயே பசை நீக்கும் தண்ணீரின் வடிகால்.

குழியும் பந்தலும்

இப்போது மாசிக் கடைசி. கொடிக் காய்களுக்கு இன்னும் காலம் தப்பவில்லை. 45 செ.மீ. நீளம், அகலம், ஆழமுள்ள குழி எடுத்து, மேல்மண்ணுடன் 10 கிலோ மக்கிய தொழு உரம் கலந்து நிரப்ப வேண்டும். குழிக்கு ஐந்து விதை ஊன்றி, பதினைந்து நாள் கழித்து வாளிப்பான இரண்டு நாற்றுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் களைந்துவிடுங்கள். பாகல் விதையின் தோல் தடித்தது. ஒரு இரவு ஊறவைத்து ஊன்றினால் சீராக முளைக்கும். புடலையில் கோ 2 இரகம் ஒரு முழத்துக்கும் குறைவான குட்டைக் காயைத் தரும் என்பதால் தாழ்ந்த பந்தலுக்கு ஏற்றது. நீளப் புடலை போட்டுக் கல் கட்டித் தொங்கவிடும் வேலை மிச்சம்.

குழியின் நடுவே சுடுமண் பானை ஒன்றைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவைத்தால், பானைச் சுவரின் வழியே கசியும் ஈரம் நேரே வேருக்குப் போகும். வண்ணம் பூசிய பானை கசியாது. மேலே நிலக்கடலைத் தொலியையோ வைக்கோலையோ நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். சவுக்குக் கழியும் கயிறும் கொண்டு போட்ட பந்தலின் அரை நிழலில், அக்கினி நட்சத்திரத்திலும் கீரை வாடாது. கோ 3 கீரையை விதைத்த 20-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை என்று பத்து முறை வரை கிள்ளி எடுக்கலாம். வெயில் படும் ஓரத்தில் வெண்டையும் கொத்தவரையும் போதும். தக்காளிக்குச் சித்திரையில் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். இரவும் சூடாக இருந்தால் அதன் பூ உதிர்ந்துவிடும். உரம் வைத்துப் பயனில்லை.

பூ நிறைய, காய் இல்லை

கோடைத் தோட்டத்தில் நான் அதிகம் கேட்கும் குறை இது. கொடி நிறையப் பூக்கிறது, ஒரு காய் கூட நிற்கவில்லை என்று கொடியையே பிடுங்கி எறிந்தவர்களும் உண்டு. பூசணிக் குடும்பக் கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூ. வெப்பம் கூடினால் ஆண் பூக்கள் இன்னும் மிகுதி. இதழுக்குக் கீழே பிஞ்சு போல் ஒரு உருண்டையோ நீளமோ இருந்தால் அது பெண் பூ. அந்தப் பிஞ்சு தானாகப் பெருக்காது. ஆண் பூவின் மகரந்தத்தை யாராவது அதில் கொண்டு சேர்த்தால்தான் நிற்கும். இல்லையேல் மஞ்சளித்து விழும்.

அந்த "யாராவது" எப்போது வருகிறார் என்பது பூவுக்குப் பூ வேறுபடும். பூசணி விடியும் முன்பே விரிந்து, வெயில் ஏறும்போது கூம்பிவிடும். பாகலும் காலைப் பூ. இவற்றுக்குத் தேனீக்கள் வேண்டும். பீர்க்கோ மாலையில், தறிச் சத்தம் ஓயும் நேரத்தில்தான் மஞ்சளாக விரியும். வெள்ளைச் சுரைப் பூவும், நூலிழை போல் ஓரம் பிரிந்த புடலைப் பூவும் அந்தியிலும் இரவிலும் விரிபவை. இவற்றைத் தேடி வருபவை பெரும்பாலும் அந்துப்பூச்சிகள். நீண்ட உறிஞ்சுகுழலோடு அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும் பெரிய அந்துப்பூச்சியைப் பந்தலடியில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்தால் பார்க்கலாம். பந்தலுக்கு மேல் எரியும் விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள். நந்தியாவட்டை இலையைத் தின்னும் தடித்த பச்சைப் புழுவும் இந்த இனத்தின் பிள்ளைதான். நான்கு இலை போனால் போகட்டும்.

விருந்தாளிகள் குறைந்த இடத்தில் நாமே அந்த வேலையைச் செய்யலாம். அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே மெல்லத் தடவ வேண்டும். பூசணிக்குக் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள், பீர்க்குக்கும் சுரைக்கும் பொழுது சாயும் நேரத்தில். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் போதும். வீட்டுப் பிள்ளைகளிடம் இதை ஒப்படைத்துப் பாருங்கள். எந்தப் பிஞ்சைத் தொட்டார்களோ அதைத் தினமும் போய்ப் பார்த்து அளந்துகொண்டிருப்பார்கள்.

நான் செய்த தவறு

பணியில் சேர்ந்த புதிதில் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா வளர்த்த பூசணிக் கொடியில் சிவப்பு வண்டு இலையைச் சல்லடையாக்கியிருந்தது. படித்த பிள்ளை சும்மா இருக்க முடியுமா? வீரியமான பூச்சிமருந்து ஒன்றைக் கலந்து காலை ஏழு மணிக்குக் கொடி முழுதும் நனைய அடித்தேன். வண்டு செத்தது. விரிந்திருந்த பூக்களுக்குள்ளேயே தேனீக்களும் செத்துக் கிடந்தன. நான்காம் நாள் அம்மா சொன்னார்: "தோட்டத்துல ரீங்காரமே காணோமேடா." அந்த வாரம் விரிந்த பெண் பூக்களில் ஒன்று கூட நிற்கவில்லை. வண்டு தின்றிருந்தாலும் நாலு காய் கிடைத்திருக்கும்.

அந்தச் சிவப்பு வண்டு காலையில் பனியில் சோம்பி இருக்கும். அப்போது கையால் பொறுக்கி, சிறிது மண்ணெண்ணெய் விட்ட தண்ணீரில் போட்டால் போதும். இளஞ்செடிகளில் சாம்பல் தூவலாம். இலையில் புழு, அசுவினி மிகுந்தால் ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாறு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கவும். தெளிக்கும் நேரம் முக்கியம். காலையில் அடித்தால் பூசணிப் பூவில் தேனீ இருக்கும். பொழுது சாய்ந்து அடித்தால் பீர்க்குப் பூ விரிந்துவிடும். வெயில் தணியத் தொடங்கும் நான்கு, நான்கரை மணிக்கு, இலையின் அடிப்புறம் படும்படி அடிப்பதே சரி.

பாகலையும் பீர்க்கையும் குத்தும் பழ ஈக்குக் கருவாட்டுத் தூளோடு டைகுளோர்வாஸ் வைக்கும் பொறியைப் பழைய வெளியீடுகளில் படித்திருப்பீர்கள். அந்த மருந்து 2020 இறுதியோடு நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. யாரிடமாவது மீதி இருந்தாலும் வாங்காதீர்கள். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறியில் அடிக்க 2005-இலேயே தடை வந்துவிட்டது. இன்றும் நெல்லுக்கென்று வாங்கிய புட்டியில் மிச்சமிருப்பதைப் புழக்கடைக் கத்தரிக்கு ஊற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். அன்று மாலையே அந்தக் கத்தரி குழந்தையின் தட்டுக்குப் போகிறது. பழ ஈக்கு எளிய வழி, பூ உதிர்ந்தவுடன் பிஞ்சைச் செய்தித்தாள் கூட்டில் நுழைத்துக் கட்டிவிடுவது. குத்துப்பட்ட காயைக் குப்பைக் குழியில் போட்டால் ஈ அங்கேயே பெருகும். இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையில் நான்கு நாள் வெயிலில் வைத்துவிடுங்கள்.

தோட்டத்துக் கூலியாட்கள்

மருந்தை நிறுத்திய முதல் கோடையில் பூச்சி சற்றுக் கூடத்தான் செய்யும். பொறுத்துக்கொண்டால் ஓணான், பல்லி, தேரை, சிலந்தி எல்லாம் திரும்பி வரும். நத்தையையும் புழுவையும் செம்போத்து பார்த்துக்கொள்ளும், எலியைச் சாரைப்பாம்பும் ஆந்தையும். தையல்சிட்டு என்று ஒரு சிறு குருவி உண்டு. அகன்ற இலையின் ஓரங்களை அலகால் துளையிட்டு, சிலந்தி நூலாலும் பஞ்சாலும் தைத்துக் கூடு கட்டும். நெசவாளர் ஒருவர் வீட்டுப் புழக்கடையில் அந்தக் கூட்டை எனக்குக் காட்டிவிட்டு, "நாங்க தறியில கோர்வை போடுறோம், இது இலையில போடுது" என்றார். குஞ்சு பறக்கும் வரை அந்தச் செடிப் பக்கம் அவர் வீட்டில் யாரும் போகவில்லை. குஞ்சுகளுக்கு அது நாள் முழுதும் ஊட்டுவது நம் செடியிலுள்ள புழுக்களைத்தான்.

பறவைக்கும் பயிருக்கும் உள்ள உறவு நம் பகுதிக்குப் புதிதல்ல. உத்திரமேரூர் வழியாகப் போனால் வரும் வேடந்தாங்கல், 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. பறவைகளைச் சுடக்கூடாது என்று அவ்வூர் விவசாயிகள் 1798 வாக்கிலேயே அன்றைய ஆட்சியர் லயனல் பிளேஸிடம் உரிமை எழுதி வாங்கினார்கள். பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளையும் என்பது அவர்கள் கண்ட கணக்கு.

ஒரு மண் தட்டில் தண்ணீர் வைத்து, தேனீ உட்காரக் கூழாங்கல் நான்கு போடுங்கள். தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். துளசியை இரண்டு செடி பூக்க விட்டால் சுவர் இடுக்கில் குடியிருக்கும் கொசுத்தேனீ அதை விட்டு நகராது. செம்பருத்திக்குத் தேன்சிட்டு வரும்.

எல்லா விருந்தாளியும் இனிமையானவர் அல்ல. மயில் முளைத்த நாற்றைக் கொத்திவிடும், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் குரங்கு பிஞ்சைப் பறித்துக் கடித்து எறியும். மயிலை அடிப்பதும் விஷம் வைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாற்று கைப்பிடி உயரம் வரும்வரை குழியின் மேல் முள் கிளை கவிழ்த்து வைத்தால் மயில் தொல்லை குறையும். குரங்குக்கு என்னிடம் நல்ல வழி இல்லை. உறைக்கும் மிளகாயையும் கசக்கும் பாகலையும் வெளி ஓரத்தில் நடுகிறேன், அவ்வளவுதான். மெல்லிய நைலான் வலையைத் தளர்வாகத் தொங்கவிட வேண்டாம். எலி பிடிக்க வரும் சாரைப்பாம்பு அதில் சிக்கிச் சாகிறது.

மல்லிகைக்கு ஒரு மூலை

காஞ்சிப் பட்டில் மல்லிமொக்கு நெய்கிறோம். பல வீடுகளில் மல்லிகைச் செடி இல்லை. குண்டு மல்லிக்கு நம் கோடைதான் பருவம். கார்த்திகையில், நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டு வெட்டிவிட்ட செடி பங்குனியிலிருந்து பூக்கும். வெட்டத் தவறியவர்கள் இப்போது வெட்டக்கூடாது. காய்ந்த குச்சியை மட்டும் நீக்கி, தொழு உரம் வைத்து நீர் விடுங்கள். நான்கு செடி இருந்தால் வீட்டுப் பூச்செலவு நின்றுவிடும். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கோயில் பிரம்மோற்சவமும் முகூர்த்த நாட்களும் சேர்ந்து வரும்போது, பக்கத்து வீட்டுக்கும் ஒரு முழம் கொடுக்கலாம். மொக்கை விடியும் முன் பறிக்கவும். அப்போது பூசணிப் பந்தலையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம், விரிந்த பெண் பூ எத்தனை என்று.

அடுத்த கோடைக்கு விதை வேண்டுமென்றால் ஒவ்வொரு கொடியிலும் முதலில் வந்த நல்ல காய்களில் ஒன்றைப் பறிக்காமல் முற்ற விடுங்கள். பீர்க்கு கொடியிலேயே காய்ந்து கலகலவென்று ஓசை வரும்போது எடுத்து, விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி வைக்கலாம். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு இரகமானால் இந்த வேலை வேண்டாம், அடுத்த முறை காய் ஒரே சீராக வராது. வேப்பம்பழம் ஆனி, ஆடியில் உதிரும். அதையும் அப்போதே பொறுக்கி உலர்த்தி வைத்துக்கொண்டால் அடுத்த மாசியில் சாறு எடுக்கக் கடைக்குப் போக வேண்டியிருக்காது.