ஊர்ப் பொதுத் தோட்டத்திற்கு முதல் எருக்குழியே

கொடிவேரி அணையினின்று பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் பாசனத்தால் கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் நெல்லும் கரும்பும் வாழையும் விளைகின்றன. அறுவடையானபின் கரும்புச் சோகையைக் கொளுத்துவது, காய்கறித் தோட்டத்திற்குரிய எருவையே கொளுத்துவதாகும். கைமுதல் குறைந்த ஊரார் பொதுத் தோட்டம் போட விரும்பின், விதைக்குமுன் எருவைத் தேடிக்கொள்ளவேண்டும்.

ஸர் ஆல்பர்ட் ஹோவர்டு இந்தூரில் கையாண்டு, 1931-ல் நூலாக வெளியிட்ட முறை இதற்கு ஏற்றது. நீர் தேங்காத மேட்டில் இரண்டடி ஆழம் குழியெடுத்து, சோகையும் வாழைச்சருகும் ஒரு படையாகவும், சாணமும் தொழுவத்து மண்ணும் சாம்பலும் மறு படையாகவும் இட்டு நனைத்துவரவேண்டும். ஏறக்குறைய 15, 30, 60-ஆம் நாட்களில் கிளறிவிட்டால் மூன்று மாதத்தில் எரு பக்குவமாகும்.

முதலில் இரண்டு சென்ட் நிலத்தில் கீரை, கத்தரி, வெண்டை பயிரிட்டால் போதும். குழி கிளறும் முறையையும், வாய்க்கால் அடைபடுங்காலத்துக் கிணற்றுநீர் முறையையும் முன்னதாகவே எழுதிவைத்துக்கொள்வது நலம்.