எலெக்ட்ரிக் கிட்டாரில் கமகம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

எலெக்ட்ரிக் கருவியில் கர்நாடக இசை எடுபடாது என்ற பேச்சை மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் சிறுவயதிலேயே பொய்யாக்கினார். நான்கு இரட்டைத் தந்திகளுக்குப் பதிலாக ஐந்து ஒற்றைத் தந்திகள் பூட்டிய எலெக்ட்ரிக் மாண்டலினே அவருடைய கருவி. அதுபோல, மயிலாடுதுறை போன்ற ஊர்களில் எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை பழகுவோரும் தவறான நம்பிக்கைகளால் நல்ல கருவியைக் குறை சொல்லிவிடக் கூடாது.

நம்பிக்கை: ஸ்வரத்தை அசைத்து இசைக்கும் கமகத்துக்கு ட்ரெமோலோ கம்பி வேண்டும்.

உண்மை: தஞ்சாவூர் வீணையில் அப்படி எதுவும் இல்லை. மெழுகில் பதித்த 24 மெட்டுகளின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தே கமகம் பிறக்கிறது. கிட்டாரிலும் விரலே போதும்.

சொல்லப்போனால், ட்ரெமோலோ கம்பி பூட்டும் மிதக்கும் பிரிட்ஜ் கமகத்துக்கு இடைஞ்சல். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில், தந்திகளின் இழுவையும் பின்புற ஸ்பிரிங்குகளின் இழுவையும் சமமாக நின்று பிரிட்ஜைத் தாங்குகின்றன. ஒரு தந்தியை இழுத்தால் பிரிட்ஜ் முன்னால் சாயும்; மற்ற தந்திகள் தளர்ந்து சுருதி இறங்கும். கூடவே ஒலிக்கும் ஆதார ஷட்ஜமும் கலையும். பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் திருகுகளை இறுக்கி, பிரிட்ஜைப் பலகையோடு படிய வைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

நம்பிக்கை: சுருதி நிற்காவிட்டால் பிரிட்ஜை மாற்ற வேண்டும்.

உண்மை: பல நேரங்களில் கோளாறு மறுமுனையில் இருக்கும். கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் தந்தி சிக்கிக்கொள்ளும். அங்கே பென்சில் கரியைத் தடவினால் வழுக்கும். முடுக்காணியில் தந்தியைத் தளர்வாகச் சுற்றியிருந்தாலும் சுருதி நழுவும். ஐப்பசி அடைமழையின் ஈரத்தில் கழுத்து மரமும் அசையும்.

நம்பிக்கை: பிக்கப்பை உயர்த்த உயர்த்த ஒலி சிறக்கும்.

உண்மை: சத்தம் கூடும், ஆனால் பிக்கப்பின் காந்தம் எஃகுத் தந்தியை இழுத்து அதிர்வைக் கெடுக்கும். நீண்டு நிற்க வேண்டிய ஸ்வரம் சீக்கிரம் அடங்கும். கடைசி மெட்டில் தந்தியை அழுத்தி அளந்தால், சாதாரண ஒற்றைச் சுருள் பிக்கப்புக்குத் தடித்த தந்திப் பக்கம் சுமார் 2.4 மி.மீ., மெல்லிய தந்திப் பக்கம் 2 மி.மீ. இடைவெளியில் தொடங்கலாம்.

நம்பிக்கை: 'உம்ம்' என்ற இரைச்சல் வந்தால் பிக்கப் பழுது.

உண்மை: ஒற்றைச் சுருள் பிக்கப் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். திருவிழா மேடையில் டிம்மரும் டிரான்ஸ்ஃபார்மரும் அருகில் இருந்தால் அது கூடும். அவற்றைவிட்டு விலகி நின்று, கிட்டாரைத் திருப்பிப் பாருங்கள். கிப்ஸன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-இல் காப்புரிமை கோரிய ஹம்பக்கர், எதிரெதிரான இரு சுருள்களால் இந்த இரைச்சலை அடக்குகிறது.

புதுப் பாகம் வாங்குமுன் ஒரு திருகை மட்டும் அரைச் சுற்று திருப்பி, சுருதி சேர்த்து, வாசித்துப் பாருங்கள். பிறகே அடுத்த திருகைத் தொடுங்கள்.