வாயில என்னடா?

அன்புள்ள வாசகிக்கு,

காலை நடையில் உங்கள் லாப்ரடார் ப்ரூனோ வாயில் போட்டுக்கொண்டவற்றை வரிசையாக எழுதியிருந்தீர்கள். முதலிடம் தெருநாய் மலத்துக்கு. அடுத்து பசுஞ்சாணி, யாரோ வீசிய டயப்பர், செத்த எலி, பிரியாணி எலும்பு. கடைசியாக, போகிற போக்கில், "புளியமரத்தடியில் கிடந்த பழத்தையும் தின்றான், அது பரவாயில்லை" என்று ஒரு வரி. எது மிக அருவருப்போ அதுதான் மிக ஆபத்து என்று நினைத்து இந்த வரிசையைப் போட்டிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். ஆனால் நாய் வைத்தியம் பார்க்கிறவன் கண்ணுக்கு அந்தக் கடைசி வரிதான் முதலில் பட்டது.

மலத்தைப் பற்றியே முதலில் பேசிவிடுவோம், உங்கள் வீட்டில் சண்டையே அதனால்தான் என்கிறீர்கள். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் ஹார்ட் குழுவினர் ஆயிரக்கணக்கான நாய் வளர்ப்போரைக் கேட்டு, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 16 சதவீத நாய்கள் அடிக்கடி மலம் தின்பவை. அவற்றில் பெரும்பாலானவை இரண்டு நாளுக்குள் விழுந்த மலத்தைத்தான் தேடித் தின்றன, பழையதைத் தொடவில்லை. இதற்கு அவர்கள் சொல்லும் ஊகம் சுவாரசியமானது. குடற்புழுக்களின் முட்டைகள் மலத்தோடு வெளியே வந்ததும் தொற்றுவதில்லை, அவை முதிர்வதற்குச் சில நாட்களாவது ஆகும். நோயுற்ற ஓநாய் குகை வாசலிலேயே கழித்துவிட்டால், முட்டைகள் முதிர்வதற்கு முன் அதைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்த ஓநாய்களின் சந்ததி பிழைத்திருக்கலாம். ப்ரூனோ உங்களை அவமானப்படுத்தவில்லை, தெருவைக் கூட்டுகிறான். அந்தப் பழக்கத்தை நிறுத்துவதாகச் சொல்லி விற்கும் பொடிகள், மாத்திரைகள் பற்றியும் அதே ஆய்வில் கேட்டுப் பார்த்தார்கள். பலன் பூஜ்யத்திலிருந்து இரண்டு சதவீதம் வரை. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

தடுப்பூசி முழுதாகப் போட்ட, வளர்ந்த நாய் மலம் தின்றால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு முடிந்துவிடும். ஜியார்டியா மாதிரியான குடல் கிருமிகள் உடனே தொற்றும் என்றாலும் மருந்துக்குக் கட்டுப்படும். குட்டிகளின் கதை வேறு. பார்வோ வைரஸ் 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய கிருமி. மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ரத்தமும் நாற்றமுமாகப் போகும் குட்டியை ட்ரிப் ஏற்றிக் காப்பாற்ற நாங்கள் படும் பாட்டை ஒருமுறை பார்த்தவர்கள் தடுப்பூசியைத் தள்ளிப்போட மாட்டார்கள். பதினாறு வாரம் ஆகி ஊசிகள் முடியும்வரை குட்டியைப் பல நாய்கள் மலம் கழிக்கும் இடத்தில் இறக்கிவிட வேண்டாம், தூக்கிக்கொண்டே ஊரைக் காட்டலாம்.

இன்னொன்று. இத்தனை நாள் இல்லாத பழக்கம் திடீரென்று வந்தால், குறிப்பாக மண்ணையும் சுவரையும் நக்க ஆரம்பித்தால், அதைக் குறும்பு என்று விடாதீர்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலால் ரத்தம் குறைந்த நாய்கள் அப்படிச் செய்வதுண்டு. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

பசுஞ்சாணி பாவம், அதில் பெரிய கேடு இல்லை. அதில் உருளும் வண்டில் இருக்கிறது. ஸ்பைரோசெர்கா லூபி என்று ஒரு புழு. சாண வண்டு மலத்தோடு அதன் முட்டையைத் தின்கிறது. அந்த வண்டை நாய் விழுங்கினால், அல்லது வண்டைத் தின்ற பல்லியையோ கோழியின் குடலையோ தின்றால், புழுவின் இளம் பருவம் இரைப்பைச் சுவரைத் துளைத்து ரத்தக்குழாய்ச் சுவர் வழியாகவே ஊர்ந்து மகாதமனிக்குப் போகும். அங்கே மாதக்கணக்கில் தங்கிவிட்டு உணவுக்குழாய்க்குத் தாவி, அதன் சுவரில் கட்டியாகக் குடியேறும். சில கட்டிகள் புற்றுநோயாகவே மாறிவிடுகின்றன. வெப்ப நாடுகளில் இது அரிதல்ல, இந்தியாவிலும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் கொடுக்கும் சாதாரண பூச்சி மாத்திரை இதைத் தொடாது. வேறு மருந்து இருக்கிறது, அதை மருத்துவர் மேற்பார்வையில்தான் தர வேண்டும், கோலி வகை நாய்களுக்குக் கூடுதல் எச்சரிக்கையோடு. சாப்பிட்ட சோறு செரிக்காமல் அப்படியே திரும்பி வருவது, விழுங்கச் சிரமப்படுவது, எச்சில் ஒழுகுவது, காரணமில்லாமல் இளைப்பது ஆகியவற்றைக் கண்டால் "அவனுக்கு கேஸ்" என்று ஜெலூசில் ஊற்றிக்கொண்டிருக்காமல் எண்டோஸ்கோப்பி பற்றிக் கேளுங்கள். பல உரிமையாளர்கள் காலம் கடந்துதான் வருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வாசலில் கிடக்கும் பச்சைக் குடலையும் ஈரலையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டு உறுப்பில் இருக்கும் நீர்க்கட்டி வழியாக நாய்க்குள் போகும் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு நாயைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. அதன் முட்டை நம் வயிற்றுக்குள் போனால் நம் ஈரலில் கட்டி வளரும்.

டயப்பர், மாங்கொட்டை, சோளக்கட்டை மூன்றும் என் கணக்கில் ஒரே நோய்: அடைப்பு. டயப்பருக்குள் இருக்கும் தூள் ஈரம் பட்டதும் ஊதிப் பெருகும் வகை, வயிற்றுக்குள்ளும் அதே வேலையைத்தான் செய்யும். மே மாதம் மாங்கொட்டை. கடற்கரையில் ஆண்டு முழுக்கச் சுட்ட சோளத்தின் கட்டை. லாப்ரடார் அதை இரண்டே கடியில் விழுங்கும். பிறகு அது சிறுகுடலில் போய் ஆப்பு மாதிரி உட்கார்ந்துகொள்ளும், சில சமயம் பல நாள் கழித்து. திரும்பத் திரும்ப வாந்தி, குடித்த தண்ணீரும் தங்கவில்லை, மலம் வரவில்லை என்றால் அன்றே வாருங்கள். ஒரு நாள் தாமதம் என்பது சில சமயம் குடலை வெட்டித் தைப்பதற்கும் வெறுமனே திறந்து எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம். இப்படிப்பட்ட பசிக்கு ப்ரூனோவை மட்டும் குறை சொல்ல முடியாது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் காட்டியபடி, லாப்ரடார்களில் கிட்டத்தட்ட நாலில் ஒன்றுக்கு பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை, அதனால் வயிறு நிறைந்த சேதி மூளைக்குச் சரியாகப் போவதில்லை.

பிரியாணி எலும்பு பெரும்பாலான நாட்களில் செரித்துப் போய்விடும், அதனாலேயே யாரும் எச்சரிக்கையை நம்புவதில்லை. வெந்த எலும்பு கூராகச் சிலும்பும். தொண்டையைத் தாண்டி உணவுக்குழாயில் சிக்கினால் அது அவசர நிலை. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், இறங்கும்போது கிழிக்காதது ஏறும்போது கிழிக்கும். இரண்டு மூன்று நாள் மலத்தையும் சாப்பாட்டையும் கவனியுங்கள். அதே பொட்டலத்தில் கிடக்கும் வெங்காயப் பச்சடியும் நாய்க்கு ஆகாது, சிவப்பணுக்களை உடைக்கும்.

இப்போது உங்கள் கடைசி வரி. திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது 2000-களின் தொடக்கத்திலிருந்தே தெரியும். எந்தப் பொருள் கெடுக்கிறது என்பது மட்டும் நெடுநாள் பிடிபடவில்லை. அமெரிக்காவில் விலங்கு நச்சு உதவி மையத்தில் இருந்த மருத்துவர்களுக்கு, வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்று சிறுநீரகம் பழுதான ஒரு நாய் துப்புக் கொடுத்தது. அந்த மாவில் கிரீம் ஆஃப் டார்டார் இருந்தது, அதாவது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையில் இருப்பதும் அதே அமிலம். அது நிறைய இருக்கும் இன்னொரு பழம் எது என்று நம் வீட்டுச் சமையலறையில் கேட்டால் உடனே சொல்வார்கள். 2022இல் வெளியான அவர்களின் கட்டுரையில், புளி தின்று சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நாய்களும் இருந்தன.

பயந்துவிடாதீர்கள். அந்தக் கட்டுரையில் இருந்த நாய்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். ரசம் சாதத்திலேயே வளர்ந்து கிழடான நாய்கள் எல்லாத் தெருவிலும் இருக்கின்றன. எந்த நாய்க்கு எவ்வளவு தாங்கும் என்பதில்தான் பெரிய வேறுபாடு, திராட்சையிலும் அப்படித்தான். ஆகவே ஒரு வாய் நக்கியதற்கு ஓடி வர வேண்டாம். உதிர்ந்த பழங்களை வயிறு முட்டத் தின்றிருந்தாலோ, கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கொட்டிய புளிக்காய்ச்சலில் வாய் வைத்திருந்தாலோ வாருங்கள். கோயில் வாசலில் கிடக்கும் தொன்னைகளும் கவனத்துக்குரியவை, சர்க்கரைப் பொங்கலில் முந்திரியோடு திராட்சையும் இருக்கும். சாலையில் உடைத்த திருஷ்டிப் பூசணிக்குப் பயம் வேண்டாம், அதற்குள் போட்ட காசை விழுங்காதவரை.

செத்த எலிக்கு வருவோம். எலி எதனால் செத்தது என்பதுதான் கேள்வி. நம் கடைகளில் கிடைக்கும் எலி மருந்துகள் ஒரே வகையல்ல. வண்ணக் கேக்காக வரும் புரோமாடியோலோன் ரத்தம் உறைவதைத் தடுக்கும். தின்ற அன்று நாய் துள்ளிக் குதிக்கும், மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ ஈறு வெளுத்து மூச்சு வாங்கும். ஆரம்பத்திலேயே வந்தால் வைட்டமின் கே-1 வாரக்கணக்கில் கொடுத்துக் காப்பாற்றிவிடலாம். கறுப்புப் பொடியான ஜிங்க் பாஸ்பைடு நேரெதிர், அது மணிக்கணக்கில் கொல்லும். இரைப்பை அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயு கிளம்பும். "விஷம் முறியட்டும்" என்று பாலும் தயிரும் ஊற்றுகிறோமே, வயிற்றில் ஏதாவது விழுந்தால் அமிலம் கூடும், வாயுவும் கூடும். நாய் வாந்தி எடுத்தால் அந்த வாயு உங்களுக்கும் விஷம், காரின் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். எலி பேஸ்ட் ஈரலைப் பாழாக்கும். எதுவாக இருந்தாலும் டப்பாவோ உறையோ கிடைத்தால் கையோடு கொண்டு வாருங்கள். அந்தத் துண்டுக் காகிதம் எங்களுக்கு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

வீட்டிலேயே வாந்தி எடுக்க வைப்பதாகச் சொல்லி உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உப்பு அதிகமானால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும். புளியைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். மயக்கத்தில் இருக்கும் நாயின் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போகும். தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால் பாதுகாப்பாக வாந்தி எடுக்க வைக்க எங்களிடம் ஊசி இருக்கிறது. இரவில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்பதை இன்றே விசாரித்து எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் தேரை. கவ்வியதும் வாயில் நுரை தள்ளும், தலையை உதறும். ஈரத் துணியால் ஈறையும் நாக்கையும் துடைத்து, தலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, பக்கவாட்டில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நடை தள்ளாடினால் மருத்துவமனை. கடற்கரையில் வலையிலிருந்து உதறிப் போட்ட பேத்தை மீன் கிடந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். அதன் நஞ்சு நரம்பை முடக்கும், காய்ந்தாலும் போகாது. மலையடிவார ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் வெடி நாயின் தாடையையும் பிளக்கும், காட்டோரத்தில் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.

சரி, எப்படி நிறுத்துவது? "வாயில என்னடா!" என்று கத்திக்கொண்டு துரத்தினால் இரண்டு சேதி போகும்: இது விலைமதிப்பான பொருள், சீக்கிரம் விழுங்கு. வீட்டில் அமைதியான நேரத்தில், மூடிய கைக்குள் பிஸ்கட் வைத்து "விடு" சொல்லுங்கள். அவன் மூக்கை எடுத்த கணமே இன்னொரு கையிலிருந்து அதைவிட நல்லதாக, வேகவைத்த கோழித் துண்டாகக் கொடுங்கள். தரையில் வைத்துப் பழக்குங்கள், பிறகு வாசலில், பிறகு தெருவில். வாயில் இருப்பதைப் பிடுங்காமல் பண்டமாற்று செய்யுங்கள். இது பிடிபட வாரங்கள் ஆகும். அதுவரை பெட் கடையில் பாஸ்கெட் மசில் என்ற வாய்க்கூடு வாங்கிப் போடுங்கள். அதில் மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம், எலும்பு கவ்வ முடியாது. பக்கத்து வீட்டார் கடிநாய் என்று நினைப்பார்களே என்று தயங்குகிறீர்கள். நினைக்கட்டும்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. மலம் தின்ற வாயால் அவன் குழந்தை முகத்தை நக்க விடக்கூடாது. வந்ததும் ஒரு கிண்ணம் தண்ணீர் குடிக்க வையுங்கள், குழந்தை கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். ஆனால் அவனை மொட்டை மாடியில் கட்டிப்போடத் தேவையில்லை. உருண்டைப்புழு முட்டைக்கு முதிர மண்ணில் இரண்டு மூன்று வாரம் வேண்டும். ஆகவே குழந்தைக்கு அவன் நாக்கைவிட அவன் கழித்துவிட்டுப் போன மண்தான் ஆபத்து. அன்றன்று கழித்ததை அன்றன்றே ஒரு பையில் எடுத்துவிடுங்கள், அடுக்ககத்து மணல் தொட்டியில் நாய் பூனை இறங்காமல் மூடி வையுங்கள். அடுத்த முறை வரும்போது ப்ரூனோவின் தடுப்பூசிப் புத்தகத்தையும், அன்று காலை போன மலத்தில் கொஞ்சத்தையும் ஒரு சிறு டப்பாவில் கொண்டு வாருங்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு எந்த மாத்திரை என்று முடிவு செய்வோம்.

அன்புடன்,
உங்கள் பத்தி மருத்துவர்